வீட்டுத் தூசியில் பிஎஃப்ஏஎஸ்: மாதிரி எடுப்பதிலிருந்து உட்கொள்ளும் அளவைக் கணக்கிடுவது வரை முழுமையான வழிகாட்டி

கறை படியாத சோஃபாத் துணி, நீர் ஒட்டாத மழைச்சட்டை, எண்ணெய் ஊறாத உணவுப் பொட்டலத் தாள், சில தரை மெருகுகள் ஆகியவற்றில் சேர்க்கப்படும் செயற்கை ஃபுளோரின் சேர்மங்கள் நாளடைவில் அந்தப் பொருள்களிலிருந்து பிரிந்து, வீட்டுக்குள் இருக்கும் காற்றிலும் தூசியிலும் சேர்கின்றன. பிஎஃப்ஏஎஸ் எனப்படும் இந்தப் பெருங்குடும்பத்து வேதிப்பொருள்கள் பெரும்பாலோரின் உடலுக்குள் உணவு வழியாகவும் குடிநீர் வழியாகவுமே அதிகம் செல்கின்றன. ஆனாலும் தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத் தூசியைத் தனியாகக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

இந்த வேலையில் புதிதாக இறங்கும் மாணவர்கள் தடுமாறும் இடங்களைத் தொடர்ந்து பார்த்துவந்ததில், பெரும்பாலான பிழைகள் மாதிரி கருவியை அடைவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன என்பது தெளிவாயிற்று. கருவியில் நேரும் பிழை எப்படியும் கண்ணில் படும். வீட்டிலும் பையிலும் புட்டியிலும் நேரும் பிழை இறுதி எண்ணுக்குள் கலந்துவிடுவதால், பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே முதற்கட்டங்களை விரிவாகவும், ஆய்வகக் கட்டங்களைச் சற்றுச் சுருக்கமாகவும் தருகிறேன்.

1. கேள்வியையும் சேர்மப் பட்டியலையும் முதலில் எழுதுங்கள்

குழந்தை எவ்வளவு உட்கொள்கிறது என்பது ஒரு கேள்வி; வீட்டில் எந்தப் பொருள் இதை வெளியிடுகிறது என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குக் குழந்தை புழங்கும் தரையின் தூசி தேவை. இரண்டாவதற்கு ஐயத்துக்குரிய பொருளை ஒட்டிய இடங்களின் தூசி தேவை. இரண்டையும் ஒரே பையில் சேர்த்து எடுப்பவர்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லாமல் திரும்புகிறார்கள்.

சேர்மப் பட்டியலில் பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்ஓஏ, பிஎஃப்எச்எக்ஸ்எஸ், பிஎஃப்என்ஏ ஆகிய நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனெனில் பின்னால் ஒப்பிடப்போகும் ஐரோப்பிய வரம்பு இந்த நான்கின் கூட்டுத்தொகைக்கே உரியது. பிஎஃப்ஓஎஸ் 2009-இலும், பிஎஃப்ஓஏ 2019-இலும், பிஎஃப்எச்எக்ஸ்எஸ் 2022-இலும், எளிதில் சிதையாத கரிம மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. இருந்தபோதிலும், பழைய சோஃபாக்களும் விரிப்புகளும் வீட்டில் இருக்கும்வரை அவை தூசியிலும் இருக்கும். அவற்றுக்கு மாற்றாக வந்த பிஎஃப்பிஎஸ் போன்ற, கார்பன் சங்கிலி குட்டையான குறுஞ்சங்கிலிச் சேர்மங்களையும், உடலுக்குள் பிஎஃப்ஓஏ போன்ற அமிலங்களாக மாறக்கூடிய பாலிஃபுளோரோஆல்கைல் பாஸ்பேட் எஸ்டர்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல நாடுகளின் தூசி ஆய்வுகளில் இந்த எஸ்டர்கள் அமிலங்களைவிட அதிகமாகக் காணப்பட்டிருக்கின்றன.

ஃபுளோரோடெலோமர் ஆல்கஹால் போன்ற ஆவியாகும் சேர்மங்களையும் அளக்க விரும்பினால், காற்று மாதிரியும் வாயு நிறப்பிரிகைக் கருவியும் வேண்டும். இதை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். தூசி எடுத்து முடித்த பின் சேர்க்க முடியாது.

2. ஒப்புதலும், முடிவைச் சொல்லும் முறையும்

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வீட்டாரின் எழுத்துவழி ஒப்புதலும் இல்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் செல்லக் கூடாது. ஒப்புதல் பெறும்போதே, முடிவு அவர்களுக்குத் தெரிவிக்கப்படுமா, எப்போது, எந்த வடிவில் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஒருவரின் வீட்டில் எடுத்த தூசியின் முடிவை அவரிடம் சொல்லாமல் ஆய்விதழில் மட்டும் வெளியிடுவது முறையல்ல என்பது என் உறுதியான கருத்து. மாதிரிகளின்மேல் பெயரோ முகவரியோ எழுதாமல் குறியீட்டு எண் மட்டும் எழுதுங்கள்.

3. பொருள்களைச் சேர்ப்பது

வேண்டியவை: கையடக்க வேக்குவம் கிளீனர், அதன் முனையில் பொருத்தும் நைலான் உறைகள், பாலிப்ரொப்பிலீன் அல்லது உயரடர்த்தி பாலிஎத்திலீன் புட்டிகள், பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறைகள், துருப்பிடிக்காத எஃகுத் தட்டும் கரண்டியும், உயர்தூய்மை மெத்தனால், அளவு நாடா, சாதாரணத் தாளும் பந்துமுனைப் பேனாவும்.

புட்டிகளின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பல ஆய்வக மூடிகளில், தானே ஒரு ஃபுளோரின் சேர்மமான டெஃப்லானால் ஆன உள்வில்லை இருக்கும். மற்ற வேதிப்பொருள்களுக்கு நல்லதெனக் கருதப்படும் அந்த வில்லையே இங்கே மாசின் மூலமாகிவிடலாம். நீர் புகாத களக்குறிப்பேடு, பின்பக்கம் ஒட்டும் குறிப்புத்தாள், குளிரூட்டும் ஜெல் பொதி ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். அலுமினியத் தாளையும் நான் பயன்படுத்தச் சொல்வதில்லை. தயாரிப்பின்போது அதன் மேற்பரப்பில் பூசப்பட்டவை இன்னவை என்று நமக்குத் தெரியாது.

4. வெற்று மாதிரிகளை முதலில் ஓட்டிப் பாருங்கள்

வெற்று மாதிரி என்பது, வீட்டுத்தூசி இல்லாமல் மற்றக் கட்டங்களையெல்லாம் அப்படியே கடந்துசெல்லும் மாதிரி. புதியவர்கள் பெரும்பாலும் தவிர்க்கும் கட்டம் இதுதான். வேறெதைச் சுருக்கினாலும் இதை மட்டும் சுருக்காதீர்கள்.

நாம் தேடுவது ஒரு கிராம் தூசியில் சில நானோகிராம்கள், அதாவது கிராமின் நூறு கோடியில் சில பங்குகள். வேக்குவம் கிளீனரின் குழாய், உறை, கையுறை, சல்லடை, ஆய்வகக் குழாய்கள் என்று மாதிரி கடந்துசெல்லும் எதிலிருந்தும் அந்த அளவு கசியக்கூடும். அப்படிக் கசிந்தது வீட்டிலிருந்து வந்ததுபோலவே எண்ணில் தோன்றும்.

அதிக வெப்பத்தில் சுட்டு ஆறவைத்த குவார்ட்ஸ் மணலை மெத்தனாலில் கழுவிய எஃகுத் தட்டில் பரப்புங்கள். வீட்டில் தூசியை எப்படி உறிஞ்சுவீர்களோ அதே உறை, அதே குழாய், அதே நேர அளவில் அதை உறிஞ்சி, புட்டியில் இட்டு, சலித்து, பிரித்தெடுத்து, கருவியில் செலுத்துங்கள். முதல் வீட்டுக்குச் செல்வதற்கு முன்பே இதன் முடிவு கையில் இருக்க வேண்டும். மணலில் பிஎஃப்ஓஏ தென்பட்டால், ஒவ்வொரு பொருளாக மாற்றி மீண்டும் ஓட்டி, மூலத்தைக் கண்டுபிடித்து அகற்றிய பிறகே களத்துக்குச் செல்ல வேண்டும். மூலம் பெரும்பாலும் மிகச் சாதாரணமான ஒரு ரப்பர் வளையமாகவோ குழாய்த் துண்டாகவோ இருக்கும்.

பிறகு களத்தில் ஒவ்வொரு வீட்டிலும், அதே மணலை அங்கேயே உறிஞ்சி, ஒரு களவெற்று மாதிரி எடுங்கள். செலவு பெரும் தடையானால், ஒரு நாளில் செல்லும் வீடுகளுக்கு ஒன்றாவது கட்டாயம். ஆய்வகத்தில் ஒவ்வொரு தொகுதியோடும் தூசியே இல்லாத ஓர் ஆய்வக வெற்று மாதிரியும் செல்ல வேண்டும். களவெற்று மாதிரியில் மாசு இருந்து ஆய்வக வெற்று மாதிரியில் இல்லையென்றால் கோளாறு களத்தில். இரண்டிலும் இருந்தால் ஆய்வகத்தில் முதலில் தேடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தவர்களால் இதைப் பிரித்தறிய முடியாது.

5. மாதிரி எடுப்பவரின் உடையும் உடலும்

பலமுறை துவைத்த பருத்தி உடை அணியுங்கள். புதிய உடை, நீர் ஒட்டாத மேலாடை, துணி மென்மையாக்கி சேர்த்துத் துவைத்த உடை ஆகியவை வேண்டா. அன்று காலை கைக்களிம்பு, முகப்பூச்சு, வெயில்காப்புக் களிம்பு ஆகியவற்றையும் தவிர்ப்பது நல்லது. சில அழகுப்பொருள்களில் ஃபுளோரின் சேர்மங்கள் சேர்க்கப்படுகின்றன. மழைக்காலத்தில் மழைச்சட்டை அணிந்து சென்றால் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கைகழுவிய பின் கையுறை மாட்டுங்கள். வழியில் வாங்கிய பொட்டலச் சிற்றுண்டியை மாதிரிப் பையின் அருகே வைக்காதீர்கள்.

6. வீட்டுக்குள் எந்த வரிசையில் எடுப்பது

காற்று மாதிரி இருந்தால் அதை முதலில் தொடங்குங்கள், ஏனெனில் மற்ற எந்த வேலையும் தூசியைக் கிளப்பும். அடுத்து களவெற்று மாதிரி. அதன் பிறகு தரை, கடைசியில் உயரமான பரப்புகள். மேலிருந்து கீழாக ஒட்டடை அடிக்கும் வழக்கத்தின்படி பலர் மின்விசிறி இறக்கையில் தொடங்குகிறார்கள். அப்போது பல மாதங்களாக இறக்கையில் படிந்த பழைய தூசி உதிர்ந்து, நேற்றைய தரைத்தூசியோடு கலந்துவிடும். மாதிரி எடுக்கும்போது வரிசை தலைகீழாகத்தான் இருக்க வேண்டும்.

மேலைநாட்டு நெறிமுறைகள் பலவும் தரைவிரிப்பு உள்ள வீடுகளையும், நிறைந்த வேக்குவம் பையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ், மொசைக் அல்லது சிமெண்ட் தரை. நாள்தோறும் பெருக்குவதும், அடிக்கடி ஈரத்துணியால் துடைப்பதும் வழக்கம். ஆகவே கிடைக்கும் தூசி குறைவு. இதற்காக ஒரு வாரம் பெருக்காமல் விடுங்கள் என்று வீட்டாரைக் கேட்பவர்கள் உண்டு. அது தவறு. அப்படி எடுத்த தூசி, அந்தக் குழந்தை உண்மையில் வாழும் தரையின் நிலையைக் காட்டாது. வழக்கம்போலவே பெருக்கச் சொல்லிவிட்டு, அடுத்தமுறை பெருக்குவதற்குச் சற்று முன்னதாகச் செல்லுங்கள். கடைசியாகப் பெருக்கியும் துடைத்தும் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை எடுத்தது போதாவிட்டால், சில நாள் மீண்டும் சென்று எடுத்து ஒரே புட்டியில் சேர்க்கலாம்.

சலித்த பிறகு 200 மில்லிகிராம் கிடைத்தால் இரட்டை அளவீடு செய்யவும் போதும். கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில் கிடைக்கும் தூசி எடுப்பதற்கு எளிது என்பதால் கை அங்கேதான் போகும். அது பழைய தூசி. எடுப்பதானால் தனிப் புட்டியில் எடுங்கள். வாசற்படியையும் பூசையறையையும் தவிர்த்துவிடுங்கள். கோலமாவும் திருநீறும் ஊதுபத்திச் சாம்பலும் ஃபுளோரின் சேர்மம் இல்லாத பொடியாக எடையை மட்டும் கூட்டி, ஒரு கிராமுக்கான அளவைப் பொய்யாகக் குறைத்துவிடும். சமையலறைத் தூசியில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் அது சல்லடையில் இறங்காது. அதையும் தனியே வையுங்கள்.

உறிஞ்சிய தரையின் பரப்பளவை நாடாவால் அளந்து எழுதுவது மிக முக்கியம். பரப்பளவு இருந்தால்தான் கிராமுக்கு எவ்வளவு என்பதோடு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்பதையும் சொல்ல முடியும். நாள்தோறும் பெருக்கும் வீட்டில் முதல் எண் அதிகமாகவும் இரண்டாவது எண் குறைவாகவும் இருக்க வாய்ப்புண்டு. அந்த வீட்டைப் பெருக்காத வீட்டோடு கிராம்கணக்கில் மட்டும் ஒப்பிட்டால், தூய்மையாக வைத்திருப்போருக்கே அநீதி செய்தவர்களாவோம்.

ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும் முன் முனையையும் குழாயையும் மெத்தனாலால் கழுவி உலர்த்தி, உறையையும் கையுறையையும் மாற்றுங்கள். மாசு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கும் வீட்டை முதலிலும், அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கும் வீட்டைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

7. வினாப்பட்டியல்

இதை மாதிரி எடுத்த பிறகே தொடங்குங்கள். முன்னதாகக் கேட்டால், தெளிப்பான் புட்டியையும் மழைச்சட்டையையும் எடுத்துவந்து காட்டுவார்கள். நாம் அளக்கவிருக்கும் தரையில் அவை புதிதாகச் சேர்ந்துவிடும்.

தரையின் வகை, விரிப்புகள், சோஃபாவின் வயது, கறைத்தடுப்புத் தெளிப்பான், தரை மெருகு, ஏசி, சன்னல்கள் திறந்திருக்கும் நேரம், குழந்தைகளின் வயதும் எடையும் ஆகியவற்றைக் கேளுங்கள். வீட்டில் யாராவது நீர்விலக்குப் பூச்சு போடும் துணி ஆலையிலோ தோல் பதனிடும் ஆலையிலோ குரோமிய முலாம் பூசும் பட்டறையிலோ தீயணைப்புத் துறையிலோ பணிபுரிகிறாரா என்பதையும் கேட்க மறக்காதீர்கள். இந்தத் தொழில்களில் பிஎஃப்ஏஎஸ் பயன்பட்டுவந்திருக்கிறது. உடையோடும் காலணியோடும் அது வீட்டுக்கு வரலாம். “கறைத்தடுப்புப் பூச்சு உண்டா?” என்று நேரடியாகக் கேட்டால் பலருக்கும் தெரியாது. பொருளின் விவரச்சீட்டைப் படம் எடுத்துக்கொள்வதே நம்பகமானது.

8. கொண்டுவருவதும் வைத்திருப்பதும்

புட்டியை இறுக மூடி, பாலிஎத்திலீன் பையில் இட்டு, சாதாரணப் பனிக்கட்டி வைத்த பெட்டியில் கொண்டுவந்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். சலித்து மீந்த தூசியை எறியாதீர்கள். அளக்க வேண்டிய சேர்மங்களின் பட்டியல் ஆண்டுதோறும் நீள்கிறது.

9. சலித்தலும் பிரித்தெடுத்தலும்

மெத்தனாலில் கழுவிய 150 மைக்ரோமீட்டர் எஃகுச் சல்லடையில் சலியுங்கள். கையில் ஒட்டி வாய்க்குச் செல்வது நுண்தூசிதான். முடியும் மணலும் நூலும் அல்ல. சலித்ததை நன்கு கலந்து 50 முதல் 100 மில்லிகிராம் எடைபோடுங்கள்.

கார்பன்-13 ஐசோடோப் சேர்ந்த உள்தரப் பொருளை (அளவு தெரிந்து சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருளை) இந்தக் கட்டத்தில், கரைப்பான் ஊற்றுவதற்கு முன்பே, தூசியின் மேல் சேர்க்க வேண்டும். பிரித்தெடுத்த பின் சேர்ப்பவர்கள், இடையில் இழந்த பங்கு எவ்வளவு என்பதை அறியும் ஒரே வழியை அடைத்துவிடுகிறார்கள். பிறகு மெத்தனால் சேர்த்து மீயொலித் தொட்டியில் வைத்து, மையவிலக்கில் சுழற்றித் தெளிவை எடுத்து, இதையே மறுபடியும் செய்து தெளிவுகளை ஒன்றுசேருங்கள். கிராஃபைட் கரித்தூளும், வலுக்குறைந்த எதிரயனிப் பரிமாற்றக் குப்பியும் தூசியின் நிறத்தையும் கொழுப்பையும் நீக்கும். நைட்ரஜன் ஊதிச் செறிவாக்கும்போது முற்றிலும் உலரவிடாதீர்கள். குறுஞ்சங்கிலி அமிலங்களும் நடுநிலைச் சேர்மங்களும் அதில் பறிபோகும்.

10. கருவியில்

திரவ நிறப்பிரிகையுடன் இணைந்த இரட்டை நிறைநிறமாலைமானியே வழக்கமான கருவி. கருவிக்குள்ளிருக்கும் டெஃப்லான் குழாய்களை, ஃபுளோரின் இல்லாத பீக் (PEEK) என்னும் பிளாஸ்டிக் குழாய்களாக மாற்றுங்கள். பம்புக்கும் ஊசிச்செலுத்திக்கும் இடையே ஒரு தாமதக் குழலைப் பொருத்துங்கள். கரைப்பானிலிருந்தும் பம்பிலிருந்தும் வரும் மாசு அதில் தாமதமாகி, மாதிரியின் உச்சத்திலிருந்து விலகித் தோன்றும்.

பிஎஃப்ஓஎஸ்-க்கு 499-இலிருந்து 80, 499-இலிருந்து 99 ஆகிய இரு நிறைமாற்றங்களையும் (499 நிறையுள்ள அயனி உடைந்து அந்த நிறையுள்ள துண்டாவதை) பதிவுசெய்யுங்கள். பழைய மின்வேதி முறையில் தயாரான பிஎஃப்ஓஎஸ்-இல் ஏறத்தாழ 70 விழுக்காடு நேர்ச்சங்கிலி, மீதி கிளைச்சங்கிலி. நேர்ச்சங்கிலியின் கூரிய உச்சத்தை மட்டும் கணக்கிட்டு, அதற்கு முன்னால் வரும் மேட்டை விட்டுவிடுவது அடிக்கடி காணும் பிழை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்கத் தர அளவீட்டு அமைப்பான என்ஐஎஸ்டி நிறுவனத்தின் எஸ்ஆர்எம் 2585 என்னும் வீட்டுத்தூசிச் சான்றுப்பொருள் கிடைத்தால், ஒவ்வொரு தொகுதியிலும் அதையும் ஓட்டி உங்கள் எண்களைச் சோதியுங்கள்.

11. எண்களைச் சீர்செய்தல்

வெற்று மாதிரிகளின் சராசரியோடு திட்டவிலக்கத்தின் மும்மடங்கைக் கூட்டி, அதைக் கண்டறியும் எல்லையாகக் கொள்ளுங்கள். அதற்குக் கீழே வந்ததைப் பூச்சியம் என்று எழுதாதீர்கள்; எல்லைக்குக் கீழே என்று எழுதுங்கள். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஒரு சேர்மம் எல்லைக்குக் கீழே இருந்தால், அதற்குச் சராசரி கணக்கிடாமல் எத்தனை வீடுகளில் கண்டறியப்பட்டது என்பதை மட்டும் சொல்வதே நேர்மை. ஒன்றிரண்டு வீடுகளில் மிக உயர்ந்த எண் வருவது இந்தத் துறையில் இயல்பு என்பதால், இடைநிலை எண்ணையே முதன்மையாகத் தாருங்கள்.

12. உட்கொள்ளும் அளவைக் கணக்கிடுதல்

தூசியின் செறிவை நாளொன்றுக்கு விழுங்கும் தூசியின் அளவால் பெருக்கி, உடல் எடையால் வகுக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2017-ஆம் ஆண்டுப் பரிந்துரையில், 1 வயது நிறைந்து 2 வயது நிறையாத குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீட்டுத்தூசியும், 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு 20 மில்லிகிராமும் கொள்ளப்படுகின்றன.

கணக்குக்காக, தூசியில் நான்கு சேர்மங்களும் சேர்ந்து கிராமுக்கு 50 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 12 கிலோ எடையுள்ள குழந்தை நாளொன்றுக்கு விழுங்குவது 50 × 0.05 = 2.5 நானோகிராம், கிலோவுக்கு 0.21, வாரத்துக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 1.5 நானோகிராம். அதே வீட்டில் 60 கிலோ எடையுள்ள தாய்க்கு இது வாரத்துக்குக் கிலோவுக்கு 0.12 நானோகிராம் மட்டுமே. ஒரே தூசிதான், குழந்தைக்கோ பன்னிரண்டு மடங்குக்கும் மேல். மில்லிகிராமைக் கிராமாக மாற்ற மறந்து ஆயிரம் மடங்கு பிழைசெய்வதும், நாள்கணக்கை வார வரம்போடு ஒப்பிடுவதும் இங்கே வழக்கமாக நேர்பவை. அலகை ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் நான்கு சேர்மங்களின் கூட்டுத்தொகைக்கு விதித்த வரம்பு, உடல் எடை கிலோ ஒன்றுக்கு வாரத்தில் 4.4 நானோகிராம். தடுப்பூசிக்குப் பின் குழந்தைகளின் உடலில் எதிர்ப்பொருள் உருவாவது குறைவதை அடிப்படையாகக் கொண்டது அது. மேற்கண்ட குழந்தையின் 1.5 இந்த வரம்புக்குக் கீழே இருப்பதால் பாதிப்பில்லை என்று எழுதிவிடாதீர்கள். வரம்பு எல்லா வழிகளுக்கும் சேர்த்து உரியது. உணவும் நீரும் இன்னும் கணக்கில் வராத நிலையிலேயே, வரம்பின் மூன்றிலொரு பங்கைத் தூசி மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதே சரியான வாசிப்பு.

நீருடன் ஒப்பிடவும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் 2024-இல் குடிநீரில் பிஎஃப்ஓஎஸ்-க்கு விதிக்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அந்த அளவுள்ள நீரை அதே தாய் நாளொன்றுக்கு 2 லிட்டர் குடித்தால் வாரத்துக்குக் கிலோவுக்கு 0.93 நானோகிராம் ஆகிறது. மேலே கண்ட தூசியிலிருந்து அவருக்குச் செல்வதைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு. பெரியவர்களுக்குத் தூசியை முதன்மைக் காரணமாகக் காட்டும் முடிவுரைகளை இந்த ஒரு வரிக் கணக்கே தடுத்துவிடும்.

பட்டியலில் இல்லாத சேர்மங்கள் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். வசதி இருந்தால், பிரித்தெடுக்கத்தக்க மொத்தக் கரிம ஃபுளோரினையும் அளந்தால் விடுபட்டது எவ்வளவு என்பது தெரியும்.

13. வீட்டாரிடம் சொல்வது

எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். நேரில் சென்றோ தொலைபேசியிலோ விளக்குங்கள். குழந்தையின் தாய் கேட்கும் முதல் கேள்வி, “இதனால் என் பிள்ளைக்கு நோய் வருமா?” என்பதாகவே இருக்கும். தூசியின் எண்ணைக் கொண்டு தனியொரு குழந்தையின் நோயை முன்னறிய முடியாது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்ஓஏ போன்றவை உடலிலிருந்து பாதியளவு வெளியேறவே ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இன்று குறைத்தால் நாளையே இரத்தத்தில் மாற்றம் தெரியாது என்றாலும், மேலும் சேர்வது குறையும்.

செய்யத்தக்கவற்றை அந்த வீட்டின் விடைத்தாளிலிருந்தே எடுத்துச் சொல்லுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது தூசியைக் கிளப்பாது. குழந்தைக்குச் சோறூட்டும் முன் கைகழுவுவது, விழுங்கும் தூசியை நேரடியாகக் குறைக்கும். கறைத்தடுப்புத் தெளிப்பானை மறுபடி அடிக்க வேண்டியதில்லை. ஏசி வடிகட்டியைக் குழந்தை இல்லாத நேரத்தில் வெளியே கொண்டுபோய்க் கழுவலாம். ஆலையில் பணிபுரிபவரின் உடையைத் தனியாகத் துவைத்து, காலணியை வாசலுக்கு வெளியே விடச் சொல்லுங்கள். ஒட்டாத் தவாவைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள்: அதன் பூச்சு, தூசியில் நாம் அளக்கும் அமிலங்களிலிருந்து வேறானது; வெறுந்தவாவை அடுப்பில் அளவுமீறிக் காயவிடாமல் இருந்தால் போதும்; தூசியின் எண்ணுக்கு அதை முதல் காரணமாக்க வேண்டியதில்லை. சோஃபாவை மாற்றச் சொல்வது பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலாத அறிவுரை. அதன்மேல் துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பை இட்டு, அதை அடிக்கடி துவைக்கச் சொல்லுங்கள்.